பிரபுத்த பாரதம்: மெட்ராஸ்ல பொறந்து இமயமலைக்குப் போன பத்திரிகை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்க வீட்டுக்கு மாசாமாசம் ராமகிருஷ்ண மடத்தோட தமிழ்ப் பத்திரிகை வரும், பெரியப்பா காலத்துல இருந்தே. டீப்பாய் மேல கெடக்கறதப் பாத்துட்டு வர்றவங்க, அதுக்கு இங்கிலீஷ் அண்ணனான பிரபுத்த பாரதத்தைப் பத்திக் கேக்கற கேள்விதான் கீழ இருக்கறதெல்லாம். திரும்பத் திரும்ப வாயால சொல்லி அலுத்துப்போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன்.

பிரபுத்த பாரதம்னா என்ன, யாரோட பத்திரிகை?

ராமகிருஷ்ண மடத்தோட இங்கிலீஷ் மாசப் பத்திரிகை. 1896 ஜூலைல முதல் இதழ், இன்னும் வந்துட்டு இருக்கு. மடத்தோட கிளைகள்ல ஒண்ணான அத்வைத ஆசிரமம் நடத்துது. எடிட்டர் உக்கார்ற எடம் உத்தராகண்ட் மாயாவதி, அச்சு, அனுப்பற வேலையெல்லாம் கொல்கத்தா.

இங்க பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: மடத்தோட சேவை அமைப்பான ராமகிருஷ்ண மிஷன் ஆரம்பிச்சது 1897 மே 1. அதாவது பத்திரிகை மிஷனைவிட பத்து மாசம் மூத்தது. பொதுவா ஒரு அமைப்பு வரும், அப்புறம் அதுக்குன்னு ஒரு பத்திரிகை வரும். இங்க தலைகீழ். குழந்தை மொதல்ல பொறந்துருச்சு, வீடு அப்புறம்தான் கட்டினாங்க.

பேருக்கு என்ன அர்த்தம்?

பிரபுத்தன்னா விழிச்சுக்கிட்ட, தூக்கம் தெளிஞ்ச. விழித்தெழுந்த பாரதம்னு வச்சுக்கலாம். அந்தப் பேருக்குள்ள புத்தர் ஒளிஞ்சிருக்கார் பாருங்க, அது தற்செயல் இல்ல. புத்தரும் பாரதமும் சேர்ந்த மாதிரி சத்தம் வருது, பௌத்தர்களையும் இழுக்கும், இந்துக்களுக்கும் உறுத்தாதுன்னு விவேகானந்தரே அந்தப் பேரைப் பத்தி எழுதியிருக்கார். ஒரு பேர் வைக்கறதுலயே இவ்ளோ கணக்கு.

அட்டையில போடற வாசகம் கடோபநிஷதம். நம்ம ஊர் ஸ்கூல் சுவத்துல எல்லாம் எழுதியிருக்குமே, "எழுமின், விழிமின், குறி சாரும் வரை நில்லாது செல்மின்", அதேதான்.

விவேகானந்தர்தான் ஆரம்பிச்சாரா?

ஆமான்னும் சொல்லலாம் இல்லன்னும் சொல்லலாம். ஊக்கம் அவரோடது, பேர் அவரோடது, தூரத்துல இருந்து லெட்டர் போட்டு வேலை வாங்கினதும் அவர்தான். ஆனா 1896ல அவர் இந்தியாவுலயே இல்ல, அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் சுத்திட்டு இருந்தார். இங்க மெட்ராஸ்ல காசு பொரட்டி, பேப்பர் வாங்கி, ப்ரூஃப் பாத்து இதழைக் கொண்டு வந்தது நம்ம ஆளுங்க. பி. அய்யாசாமி, பி.ஆர். ராஜமய்யர், ஜி.ஜி. நரசிம்மாச்சாரி, பி.வி. காமேஸ்வர ஐயர்னு நாலு பேர். கூட டாக்டர் நஞ்சுண்ட ராவ். சுவாமிஜி பத்திரிகை பத்தி எழுதின முக்கியமான லெட்டர்கள் அந்த டாக்டருக்குத்தான் வந்துச்சு.

ராமகிருஷ்ண மடம்னாலே வங்காளம், வங்காளிகள், காவின்னுதான் நெனப்பு வருது. இந்தப் பத்திரிகைய ஆரம்பிச்சவங்க காவி கட்டாத மெட்ராஸ் மனுஷங்க, குடும்பம் குட்டின்னு இருந்தவங்க. இதை எத்தனை தடவ சொன்னாலும் "அப்படியா?"ன்னுதான் கேக்கறாங்க.

அதுக்கு முன்னாடியே பிரம்மவாதின் இருந்துச்சே, எதுக்கு ரெண்டாவது பத்திரிகை?

நல்ல கேள்வி. விவேகானந்தரோட மெட்ராஸ் சீடர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் 1895 செப்டம்பர்லயே மெட்ராஸ்ல பிரம்மவாதின் ஆரம்பிச்சுட்டாங்க. சுவாமிஜி வெளிநாட்டுல இருந்து அதுக்குப் பணம்கூட அனுப்பினார். ஆனா அது கனமான பத்திரிகை, தத்துவம், வியாக்கியானம், சமஸ்கிருத மேற்கோள்னு பண்டிதருக்குத்தான் சரிப்படும். படிக்கற பசங்களும் சாதாரண ஆளுங்களும் கையில எடுக்கற மாதிரி ஒண்ணு வேணும், கதையா சொல்லணும், லேசா சொல்லணும்னுதான் பிரபுத்த பாரதம். கடை ஒண்ணுதான், கவுன்ட்டர் ரெண்டு.

அளசிங்கர் 1909ல காலமானார், பிரம்மவாதின் தள்ளாடி 1914ல நின்னுபோச்சு. அதே வருஷம் மே மாசம் மெட்ராஸ் மடம் வேதாந்த கேசரின்னு இங்கிலீஷ் பத்திரிகை ஆரம்பிச்சாங்க, பிரம்மவாதினோட வாரிசுன்னு அதைத்தான் சொல்லணும்.

முதல் எடிட்டர் ராஜமய்யர்னா, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதினவரா?

அவரேதான்! வத்தலகுண்டுக்காரர். தமிழ் நாவல் வரலாறு படிக்கறவங்களுக்கு அவரை நாவலாசிரியரா தெரியும், மடத்துக்காரங்களுக்கு எடிட்டரா தெரியும், ரெண்டு கூட்டமும் பேசிக்கறதே இல்ல போல. அந்த நாவல் 1893ல இருந்து 1895 வரைக்கும் விவேகசிந்தாமணி பத்திரிகைல தொடரா வந்துச்சு. அடுத்த வருஷமே இங்க எடிட்டர். அப்போ வயசு 24.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு சொல்லணும். அந்த ரெண்டு வருஷ இதழ்களப் புரட்டினா டி.சி. நடராஜன்னு ஒருத்தர் கதை எழுதறார், எம். ரங்கநாத சாஸ்திரின்னு ஒருத்தர் கட்டுரை எழுதறார், 'ஒரு துறவி'ன்னு ஒருத்தர், 'யாருக்கும் தெரியாத ஒருவன்'னு அர்த்தம் வர்ற பேர்ல இன்னொருத்தர். பரவாயில்லையே, மெட்ராஸ்ல வேதாந்தம் எழுத இத்தனை பேர் இருந்தாங்களான்னு தோணும். எல்லாமே ராஜமய்யர்தான்! ஆள் பத்தாத பத்திரிகைக்கு ஒரே மனுஷன் ஊரைத் தெரட்டிக் காட்டியிருக்கார். சின்னப் பத்திரிகை நடத்தினவங்களுக்கு இந்த வித்தை புரியும், பேர் மாத்திப் போட்டா பக்கம் நெறஞ்ச மாதிரி இருக்கும். ஆனா இவர் பேரை மட்டும் மாத்தல, தொனியையும் மாத்துவார், நடராஜன் எழுதினா அதுல ஒரு குறும்பு இருக்கும், வாசுதேவ சாஸ்திரின்னு ஒரு குடும்பஸ்தரை மையமா வச்சு அவர் எழுதின இங்கிலீஷ் தொடர்ல நம்ம ஊரும் நம்ம மனுஷங்களும்தான் நடமாடுவாங்க, வேதாந்தம் அந்தப் பேச்சுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும்.

1898 மே மாசம் செத்துப்போனார். 26 வயசு. அந்தக் கட்டுரைகளையும் கதைகளையும் சேர்த்து பின்னாடி 1905ல ஒரே புத்தகமா போட்டாங்க.

அட்டைப்படத்துக்கு விவேகானந்தர் திட்டினாராமே, நெஜமா?

நெஜம். ஆரம்ப இதழ்கள் கையில கெடச்ச உடனே லெட்டர் போட்டார். உள்ளடக்கம் திருப்தி, இந்தியாவுல நல்லாப் போகும்னு பாராட்டிட்டு, அடுத்து அட்டைக்கு வந்துட்டார். காட்டுமிராண்டித்தனமா இருக்கு, பாக்கவே சகிக்கல, முடிஞ்சா மாத்துங்கங்கற ரேஞ்சுல. அந்த அட்டையில ஆலமரம், மலை, ஒரு சாமியார், ஒரு ஐரோப்பிய தம்பதின்னு எல்லாத்தையும் வச்சு ரொப்பியிருந்தாங்க. ஆலமரத்துக்கும் விழிப்புக்கும் என்ன சம்பந்தம், மலைக்கும் விழிப்புக்கும் என்ன சம்பந்தம்னு ஒவ்வொண்ணா கேக்கறார். மனுஷ உருவமே வேண்டாம், தாமரைதான் மறுபிறப்போட சின்னம், இல்லன்னா வசந்தத்துல காடு துளிர்க்கற மாதிரி சின்னதா ஒரு காட்சி போடுங்கன்னு அவரே டிசைனும் சொல்லிட்டார்.

எனக்கு இந்த லெட்டர் ரொம்பப் பிடிக்கும். இப்பவும் கோயில் மலர், சங்க மலர்னு அட்டை போடறப்போ சாமி, மலை, தீபம், தலைவர் போட்டோ, உபயதாரர் போட்டோன்னு திணிக்கறோம்ல, 1896லயே அதுக்கு பதில் இருக்கு.

அதே வருஷம் ஆகஸ்ட்ல சுவிட்சர்லாந்துல இருந்து இன்னொரு லெட்டர். ஆல்ப்ஸ்ல மலையேறிட்டு இருக்கேன்னு ஆரம்பிச்சு நேரா கணக்கு வழக்குக்கு வந்துடுவார். நம்ம ஊர்ல கூட்டு முயற்சி எல்லாம் முழுகறதே கறாரான வியாபார ஒழுக்கம் இல்லாததாலதான், முகதாட்சண்யமே கூடாது, ஒரு காரியத்துக்கு வந்த காசை பட்டினி கெடந்தாலும் இன்னொண்ணுக்கு எடுக்காதேன்னு. இந்தப் பத்திரிகைதான் இப்போதைக்கு உனக்கு தெய்வம்னு நெனச்சு வேலை செய்னு. சந்நியாசி எழுதின லெட்டர் மாதிரியா இருக்கு, ஆடிட்டர் எழுதின மாதிரி இருக்கு.

நடுவுல நின்னு போச்சுன்னு சொல்றாங்களே?

ராஜமய்யர் போனதும் மெட்ராஸ்ல நடத்த ஆள் இல்ல, 1898 ஜூனோட நிறுத்திட்டாங்க. ஜூலை இதழ் கெடையாது. அப்போ சுவாமிஜி அல்மோராவுல இருந்தார், கூட சேவியர்னு ரிட்டயர்டு ஆன பிரிட்டிஷ் ராணுவ கேப்டனும் அவர் மனைவியும். பத்திரிகை சாகக் கூடாதுன்னு சுவாமிஜி தவிக்க, சேவியர் செலவை ஏத்துக்கறேன்னு முன்வந்தார். கல்கத்தால இருந்து கையால அடிக்கற பிரஸ், எழுத்து, பேப்பர், மை எல்லாம் வாங்கி மலை மேல ஏத்தி, அல்மோராவுல தாம்ஸன் ஹவுஸ்ங்கற வீட்டுல வச்சு ஆகஸ்ட் இதழை அடிச்சுட்டாங்க. புது எடிட்டர் சுவாமி ஸ்வரூபானந்தர்.

ஆக, விட்டுப்போனது ஒரே ஒரு மாசம். அந்த ஆகஸ்ட் இதழுக்குன்னு சுவாமிஜி ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். மறுபடி எழுந்திரு, வந்தது தூக்கம்தான், சாவு இல்லன்னு ஆரம்பிக்கும். எல்லாரும் அதை தேசத்தைப் பாத்து பாடினதா படிக்கறாங்க, தப்பில்ல, ஆனா ஒரு மாசம் மூச்சு நின்னு எழுந்த பத்திரிகையோட பக்கத்துல அதை வச்சுப் படிச்சுப் பாருங்க, வேற மாதிரி கேக்கும்.

அப்புறம் ஏன் மாயாவதி? அங்க கோயிலே இல்லையாமே?

இமயமலைல அமைதியா ஒரு ஆசிரமம் வேணும்னு எடம் தேடினாங்க, பழைய தேயிலைத் தோட்டம் ஒண்ணு கெடச்சுது, 1899 மார்ச் 19ல அத்வைத ஆசிரமம் ஆரம்பம். பிரஸ்ஸும் அல்மோராவுல இருந்து அங்க போயிடுச்சு. இப்போ அது சம்பாவத் மாவட்டம், பக்கத்து ஊர் லோகாகாட். அன்னைக்கு மோட்டார் ரோடு எங்க இருந்துச்சு, மலைப்பாதைல இரும்பு பிரஸ்ஸைத் தூக்கிட்டுப் போனவங்க தோள்பட்டைய நெனச்சா பாவமா இருக்கு.

கோயில் இல்லங்கறதும் உண்மை. படம், விக்ரகம், பூஜை, மணி எதுவும் கூடாது, சுத்த அத்வைதம், அதாவது கடவுளும் நாமளும் ரெண்டு இல்ல ஒண்ணுங்கற தத்துவம் மட்டும்னு விதி. ராமகிருஷ்ணர் படத்துக்குக்கூட அங்க பூஜை கெடையாது! நடுவுல சில பேர் ஆசைப்பட்டு படம் வச்சு பூஜை பண்ண, 1901 ஜனவரில சுவாமிஜி அங்க போனப்போ பாத்துட்டு, இந்த ஒரு எடத்துலயாவது இது இல்லாம இருக்கக் கூடாதான்னு வருத்தப்பட்டார், பின்னாடி எடுத்துட்டாங்க.

அந்தத் தடவ 3ம் தேதில இருந்து 18ம் தேதி வரைக்கும் பனில மாட்டின மாதிரி தங்கியிருந்தார், அப்போ பத்திரிகைக்கு மூணு கட்டுரை எழுதினார். அதுல ஒண்ணு 'ஆரியரும் தமிழரும்'. நம்மாளுங்க கட்டாயம் படிக்கணும், ஒத்துக்கறீங்களோ இல்லையோ. சமஸ்கிருதம் பேசின முன்னோரும் பெருமை, தமிழ் பேசின முன்னோர் அதைவிடப் பழைய நாகரிகம், அவங்களும் பெருமை, அவங்களுக்கும் முன்னாடி காட்டுல வேட்டையாடின முன்னோரும் பெருமைங்கறார். சில எடத்துல அந்தக் கால ஆராய்ச்சியை நம்பி எழுதினது இப்போ நிக்காது, அது வேற விஷயம்.

சேவியர் 1900லயே மாயாவதில காலமானார். ஸ்வரூபானந்தர் 1906ல, சின்ன வயசுலயே. இந்தப் பத்திரிகை எத்தனை பேரோட இளமையத் தின்னிருக்கு பாருங்க. அப்புறம் எடிட்டர்கள் மாறி மாறி வந்தாங்க, எல்லாரும் மடத்துத் துறவிகள். விவேகானந்தரோட ஐரிஷ் சீடர் சகோதரி நிவேதிதையும் தொடர்ந்து எழுதினாங்க. 1907ல இருந்து விவேகானந்தரோட மொத்த எழுத்தும் தொகுப்பா வந்ததும் இதே மாயாவதில இருந்துதான்.

நோக்கம் என்ன, ஆள் சேக்கறதா?

நேரா சொல்லிடறேன், படிச்சுட்டு யாரும் எந்த ஃபார்மும் ஃபில் பண்ண வேண்டியதில்ல. வேதாந்தத்தை இன்னைக்குப் புரியற பேச்சுல சொல்றது, மத்த மதங்களையும் மதிச்சு எழுதறது, பழைய சிந்தனைக்கும் இன்னைய வாழ்க்கைக்கும் பாலம் போடறது, இதான் வேலை. கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் பத்தி கட்டுரை வரும், திட்டி இல்ல. எல்லா மார்க்கமும் ஒரே எடத்துக்குத்தான் போகுதுங்கறது ராமகிருஷ்ணரோட அடிப்படைப் பேச்சு, அதை விட்டுட்டு சண்டை போட்டா பத்திரிகைக்கே அர்த்தம் இல்ல.

எனக்கு ஒரு குறை உண்டு. ராஜமய்யர் காலத்துல இருந்த கதையும் சிரிப்பும் பின்னாடி கொறஞ்சுபோச்சு. சாதாரண ஆளுக்குன்னு ஆரம்பிச்ச பத்திரிகை, போகப் போக பல இதழ்கள்ல பேராசிரியர் பேராசிரியருக்கு எழுதற மாதிரி ஆயிடுது. பிரம்மவாதின் செத்து பிரபுத்த பாரதத்துக்குள்ள ஆவியா வந்துட்டதோன்னு பெரியப்பா கிண்டல் பண்ணுவார்.

இவங்க இந்து மதமா, தனி மதமா?

இதுக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. மேற்கு வங்கத்துல அவங்க கல்வி நிறுவனங்கள் சம்பந்தமான தகராறுல, நாங்க சிறுபான்மை மதம்னு 1980கள்ல மிஷன் தரப்பு கல்கத்தா ஹைகோர்ட்ல வாதாடி ஜெயிச்சுது. 1995ல சுப்ரீம் கோர்ட் அதை மாத்திடுச்சு: தனி மதம் இல்ல, இந்து மதத்துக்குள்ளயே ஒரு பிரிவு, தன் மத விவகாரங்கள தானே நடத்திக்க மதப் பிரிவுக்கு அரசியல் சட்டம் 26வது பிரிவு தர்ற உரிமை உண்டுன்னு. ஆகவே சட்டப்படி கேட்டா இது ஒரு இந்து மதப் பிரிவோட பத்திரிகை.

அரசியல் எழுதுவாங்களா?

கட்சி அரசியல் கெடையாது, அது மிஷனோட ஆரம்ப கால விதி. 125 வருஷ விழா 2021 ஜனவரி 31ல நடந்தப்போ பிரதமர் மோடி வீடியோல பேசினார், அதை வச்சு ரெண்டு பக்கமும் சண்டை போட்டுக்கறாங்க. இதழை எடுத்துப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

தமிழ்ல இது வருதா?

இதே பத்திரிகை தமிழ்ல இல்ல, ஆனா தம்பி ஒருத்தன் இருக்கான். மேல சொன்ன சுவிட்சர்லாந்து லெட்டர்லயே, இது ஜெயிச்சதும் தமிழ், தெலுங்கு, கன்னடத்துல இதே பாணில ஆரம்பிங்க, பாமர ஜனத்தைப் போய்ச் சேரணும்னு எழுதியிருந்தார். தமிழ்ல அது நடக்க இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. 1921ல மெட்ராஸ் மடத்துல இருந்து ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம் வந்துச்சு, இன்னைக்கும் மயிலாப்பூர்ல இருந்துதான் மாசாமாசம் வருது. எங்க வீட்டுக்கு வர்றது இதுதான். வங்காளிக்கு 1899லயே மடத்தோட வங்காளிப் பத்திரிகை உத்போதன் கெடச்சுடுச்சு, நமக்கு லேட்டுதான், என்ன பண்றது.

விஜயம் படிக்க ரொம்ப ஈஸி. கதை, மகான்கள் வாழ்க்கை, பசங்களுக்குப் பக்கம். உண்மையச் சொன்னா ராஜமய்யர் நெனச்ச பத்திரிகைக்கு இதான் கிட்ட இருக்கு.

ஒரு இதழ்ல என்னதான் இருக்கும், கஷ்டமா இருக்குமா?

மொதல்ல ஒரு சாஸ்திர வாக்கியம், அப்புறம் எடிட்டோரியல், நாலஞ்சு கட்டுரை, புத்தக மதிப்புரை, கடைசில மடத்துக் கிளைகள்ல நடந்த வேலை, வெள்ள நிவாரணம், மருத்துவ முகாம் மாதிரி செய்தி. புதுசா வர்றவங்க பின்னாடி இருந்து படிங்க, அதாவது செய்தி, மதிப்புரை, அப்புறம் கட்டுரை. நேரா உபநிஷத் கட்டுரைல குதிச்சா மூணாவது பாராவுல தூக்கம் வந்துடும், பேர் பிரபுத்தமா இருந்தாலும்.

பழைய இதழ் கெடைக்குமா, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பழைய இதழ்களை டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, சந்தா விவரம் எந்த ராமகிருஷ்ண மடம் புத்தக ஸ்டால்லயும் கேக்கலாம். விஜயம் வேணும்னாலும் அங்கயே கேளுங்க. எங்க ஆரம்பிக்கறதுன்னா, 1896 ஜூலைல இருந்து 1898 ஜூன் வரைக்கும் உள்ள 24 மெட்ராஸ் இதழ்கள மொதல்ல எடுங்க. டி.சி. நடராஜன்னு பேர் போட்ட பக்கமா தேடித் தேடிப் படிங்க. பழைய காலத்து இங்கிலீஷ்தான், ஆனா உள்ள பேசறது வத்தலகுண்டு.